அக்காவிடம் சொல்ல வேண்டியதை ஆண்டவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்

2023-ல், ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்தில், எங்கள் சபை ஐயர் (குருவானவர்) என்னைக் கூப்பிட்டு, "பெரிய வெள்ளிக்கிழமை முதல் வார்த்தையை நீங்க எடுத்துப் பேசுங்க" என்றார். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் அன்று பகல் பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை ஆராதனை நடக்கும். சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளை ஆளுக்கு ஒன்றாகப் பேசுவார்கள். முதல் வார்த்தை லூக்கா 23:34. "பிதாவே, இவர்களுக்கு மன்னியும், தாங்கள் செய்கிறது இன்னதென்று அறியாதிருக்கிறார்களே."

சந்தோஷமாகத்தான் ஒத்துக்கொண்டேன். ஒரு நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு மூன்று ராத்திரி உட்கார்ந்தேன். "மன்னியும்" என்பதைப் பற்றி எழுத எவ்வளவோ வந்தது. "அறியாதிருக்கிறார்களே" என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. அறிந்து செய்தவனுக்கு மன்னிப்பு கிடையாது என்று அந்த வசனம் சொல்லவில்லை. ஆனால் அறியாமல் செய்துவிட்டேன் என்று ஒதுங்க எனக்கு இடமில்லை. நான் செய்ததை அறிந்துதான் செய்தேன்.

அப்பா 2008-ல் இறந்துபோனார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். உயில் ஏதும் இல்லை. நானும் அக்காவும் இரண்டே பிள்ளைகள். 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. இது எனக்கு நன்றாகத் தெரியும், அக்காவுக்குத் தெரியாது. எங்கள் பக்கத்தில், நகை போட்டுக் கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு அதோடு கணக்கு முடிந்தது என்றுதான் பேசுவார்கள். கோயிலுக்கு வருகிற குடும்பங்களும் அப்படித்தான் பேசும்.

ஊருக்கு வெளியே அப்பா பேரில் ஒரு ஏக்கர் பத்து சென்ட் கிடந்தது. செம்மண் தேரி, கொஞ்சம் பனை. 2009-ல் ஒருவர் வந்து சென்டுக்குப் பன்னிரண்டாயிரம் தருகிறேன் என்று பேசிவிட்டுப் போனார். அடுத்த வாரமே அக்காவிடம் போய், "அது வெறும் தேரிக்காடுக்கா, பனையும் பட்டுப்போச்சு, ரெண்டு பேர் பேரும் சேர்ந்து கெடந்தா பட்டா மாத்துறதுதான் கஷ்டம்" என்று சொல்லி, அவள் பங்கை எனக்கு விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினேன்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் கைரேகை வைத்துவிட்டு, விரல் மையைத் தலைமுடியில் தேய்த்துக்கொண்டே அவள் என்னைப் பார்த்து, "ஏலே, காலைல ஏதாவது சாப்பிட்டியா?" என்று கேட்டாள். இதை நான் ஒரு நாளும் மறந்ததில்லை. வெளியே வந்து ஒரு கவரில் ஐம்பதாயிரம் கொடுத்தேன். "பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கிக்கொடு" என்றேன். அங்கேயே, புளியமரத்தடியில், என் தலையில் கைவைத்து ஜெபம் பண்ணினாள்.

நிலம் 2010-ல் பதின்மூன்று லட்சத்து இருபதாயிரத்துக்குப் போனது. அதில் வீடு கட்டினேன்.

அதற்குப் பின் நான் நிம்மதியாக இருந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். திருவிருந்து ஞாயிறுதோறும் பாவ அறிக்கை சொல்லும்போது நெஞ்சு அடைக்கும். தாவீது ராஜா மன்னிப்பு கேட்டுப் பாடிய 51-ஆம் சங்கீதத்தை எத்தனை ராத்திரி அழுது படித்திருப்பேன் என்று கணக்கில்லை. கோயிலுக்குச் சுண்ணாம்பு அடிக்கக் கொடுத்தேன். தோத்திரப் பண்டிகை ஏலத்தில் ஒரு வாழைத்தாரை நாலாயிரத்துக்கு எடுத்தேன். டிசம்பர் 31 ராத்திரி எல்லாருக்கும் போகிற அந்த மெசேஜ், "தெரிந்தோ தெரியாமலோ உங்கள் மனதைப் புண்படுத்தியிருந்தால் கிறிஸ்துவுக்குள் மன்னியுங்கள்", அது அக்காவுக்கும் வருஷம் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. இதெல்லாம் மனந்திரும்புதல் என்றுதான் நினைத்திருந்தேன்.

பேனா நின்றுபோன அந்த மூன்று ராத்திரிக்குப் பின், நாலாம் நாள் ஐயர் வீட்டுக்குப் போனேன். வேறு ஆளை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லப் போனவன், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். ஜெபித்து அனுப்புவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"அக்காட்ட சொல்லிட்டீங்களா?"

"ஆண்டவர்ட்ட சொல்லிட்டேன், ஐயா. பல தடவை."

"ஆண்டவருக்கு அது முதல்லயே தெரியும். தெரியாதது அக்காவுக்குத்தான்."

நான் 51-ஆம் சங்கீதத்தைச் சொன்னேன். "தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து" என்றுதானே தாவீது சொல்கிறார்? ஐயர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தாவீது அந்தச் சங்கீதத்தைப் பாடும்போது, அவர் மனைவியைப் பறித்துக் கொல்லவைத்த உரியா செத்துப்போயிருந்தான், போய்க் கேட்க ஆள் இல்லை, உங்களுக்கு அக்கா இருக்காங்க என்றார். பதின்மூன்று வருஷம் ஒளிந்துகொண்டிருந்த இடம் அன்றைக்குப் போயிற்று.

அதன் பிறகு மத்தேயு 5:23, 24-ஐ எடுத்து நிதானமாகப் படித்தேன். காணிக்கை செலுத்த வந்த இடத்தில், "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று அங்கே நினைவுகூருவாயாகில்" என்று இருக்கிறது. நமக்கு அவன்மேல் இருக்கிற குறையைப் பற்றி அங்கே பேச்சே இல்லை, அவனுக்கு நம்மேல் இருக்கிற குறையைத்தான் சொல்லியிருக்கிறது. சின்ன வயதிலிருந்து ஞாயிறு பள்ளியில் மனப்பாடமாகச் சொன்ன வசனம், ஆனால் நான் அதைத் திருப்பிப் போட்டே படித்திருந்தேன். இயேசு இதைச் சொன்னது வடக்கே கலிலேயாவில் என்பதும் அப்போதுதான் மனசில் பட்டது. பலிபீடம் இருந்தது எருசலேமில் மட்டும். ஊரில் இருக்கிற அண்ணன் தம்பியிடம் போய்விட்டு வா என்றால், பல நாள் நடந்து போய், திரும்பவும் பல நாள் நடந்து வர வேண்டும். அதுவரைக்கும் காணிக்கை அங்கேயே கிடக்கட்டும் என்கிறார். அக்கா இருக்கிற தூத்துக்குடிக்கு எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்.

நம்முடைய பழைய பைபிளில் மனந்திரும்புதல், மனஸ்தாபம் என்று இரண்டு வார்த்தைகள் வரும். இன்றைக்கு நாம் மனஸ்தாபம் என்றால் சண்டை, பேச்சுவார்த்தை இல்லாமை என்று சொல்கிறோம். பைபிள் தமிழில் அது செய்ததை நினைத்து மனம் வேகிற வேக்காடு. கத்தோலிக்க நண்பர்கள் பாவசங்கீர்த்தனத்தில், குருவிடம் பாவத்தை அறிக்கையிடும்போது, சொல்கிற உத்தம மனஸ்தாப ஜெபமும் அந்தப் பொருளில்தான். அந்த வேக்காடு எனக்கு இல்லாமல் இல்லை. ஆனால் யூதாசைப் பற்றியும் மத்தேயு 27-ல் "மனஸ்தாபப்பட்டு" என்றுதான் எழுதியிருக்கிறது. முப்பது வெள்ளிக்காசைத் திருப்பியும் கொடுத்தான். கொடுத்தது பிரதான ஆசாரியரிடம். தான் காட்டிக்கொடுத்த இயேசுவை நோக்கி அவன் திரும்பவில்லை. இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்த பேதுருவும் மனம் கசந்து அழுதவர்தான், ஆனால் மற்றச் சீஷர்களை விட்டுப் போகவில்லை. கடற்கரையில் இயேசு நிற்கிறார் என்று தெரிந்ததும் கடலில் குதித்துக் கரைக்கு வந்தார். எபிரெயத்தில் மனந்திரும்புதலுக்கு வருகிற வார்த்தைக்கு நேர்ப்பொருளே திரும்பி வருவதுதான் என்று ஐயர் சொன்னார். இயேசு சொன்ன கதையில், வீட்டை விட்டுப் போய்ச் சொத்தை அழித்த கெட்ட குமாரன் பன்றிகள் நடுவில் உட்கார்ந்து எவ்வளவு அழுதிருந்தாலும், "நான் எழுந்து, என் தகப்பனிடத்திற்குப் போய்" என்று காலை எடுத்துவைத்த பிறகுதானே அந்தக் கதை நடக்கிறது.

முதலில் மனைவியிடம் சொன்னேன். அவளுக்கும் முழுசாகத் தெரியாது. பணம் போகுமே என்று கோபப்படுவாள் என நினைத்தேன். "அந்தப் பணத்துல கட்டின வீட்டுலயா நாம இத்தன வருஷம் குடும்ப ஜெபம் பண்ணிருக்கோம்" என்றாள். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை.

திருப்பிக் கொடுப்பது எவ்வளவு? இதை நாங்கள் இரண்டு பேரும் பைபிளை விரித்துவைத்துக்கொண்டுதான் பேசினோம். லேவியராகமம் 6-ல், வஞ்சித்து எடுத்துக்கொண்டவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி உரியவனுக்குக் கொடுக்க வேண்டும், குற்றநிவாரணபலி அதற்கு அப்புறம்தான். லூக்கா 19-ல் வருகிற வரி வசூலிக்கிற சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காக, தருகிறேன் என்கிறான். நாலத்தனைக்கு எங்களுக்கு வழியில்லை. பாதிப் பங்கு ஆறு லட்சத்து அறுபதாயிரம், அதில் ஐந்தில் ஒரு பங்கு ஒரு லட்சத்து முப்பத்திரண்டாயிரம், ஆக ஏழு லட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரம். அன்றைக்குக் கவரில் கொடுத்த ஐம்பதாயிரத்தைக் கழிக்கலாமா என்று என் புத்தி போனது. மனைவி வேண்டாம் என்றாள். பேங்க்கில் கிடந்த டெபாசிட்டை முறித்து, மீதிக்கு அவள் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தோம்.

ஐயரையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று ஆசைப்பட்டேன். அவர் மறுத்துவிட்டார். "நான் அங்கியோட வந்து நின்னா அவங்க மன்னிக்கிறேன்னு சொல்லித்தான் ஆகணும். அது நீங்க ரெண்டாவது தடவை கையெழுத்து வாங்குற மாதிரி" என்றார். போவதற்கு முன், செய்ததை ஒரே வாக்கியத்தில், "ஆனால்" என்ற வார்த்தை வராமல், எழுதிப் பார்க்கச் சொன்னார். இது கேட்க லேசாக இருக்கும். எனக்கு ஏழெட்டுத் தாள் ஆனது. "அந்தச் சமயத்தில் எனக்கு நெருக்கடி" என்று ஒன்றில் வந்தது. "உனக்கு நகை போட்டதுனால" என்று இன்னொன்றில் வந்தது. "அப்பா இருந்திருந்தால்" என்றுகூட எழுதினேன். எல்லாவற்றையும் அடித்துவிட்டுக் கடைசியில் நின்றது இதுதான்: நிலத்துக்கு நல்ல விலை வந்தது எனக்குத் தெரிந்தே, உனக்குத் தெரியாமல் மறைத்து, பொய் சொல்லி உன்னிடம் கையெழுத்து வாங்கினேன்.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள், ஏப்ரல் 1, சனிக்கிழமை மத்தியானம் போனேன். உப்பளத்தில் கணக்கு எழுதுகிற அத்தான் வேலைக்குப் போயிருந்தார். அக்கா திண்ணையில் முறத்தை மடியில் வைத்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நான் தரையில் உட்கார்ந்து அந்த வாக்கியத்தைச் சொன்னேன். குரல் நடுங்கியது. அவள் கை நிற்கவில்லை. ஒரு இணுக்கு, அடுத்த இணுக்கு என்று உருவிக்கொண்டே இருந்தாள். கீரை தீர்ந்து வெறும் ஈர்க்கை உருவுகிறாள் என்று அப்புறம்தான் கவனித்தேன்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

நிலம் விற்று இரண்டு வருஷத்தில் யாரோ கல்யாண வீட்டில் விலையைச் சொல்லிவிட்டார்களாம். பதினோரு வருஷமாகத் தெரிந்திருக்கிறது. "நீயா வந்து சொல்லுவன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். வருசக் கடைசில உன் மெசேஜ் வரும்லா, இந்த வருசம் சொல்லிருப்பான்னு எடுத்துப் பாப்பேன்."

பிறகு அவள் சொன்னதுதான் இன்றும் என்னைத் தூங்கவிடாதது. நிலம் விற்ற அந்த 2010-ல் மூத்தவளுக்கு பி.எஸ்ஸி. நர்சிங் சீட் கிடைத்திருக்கிறது. பணம் கட்ட வழியில்லாமல் விட்டுவிட்டார்கள். பிள்ளை இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்திருக்கிறாள். நான் அந்த மாதம் கிரகப்பிரவேசப் பத்திரிகை கொடுக்க அந்த வீட்டுக்குப் போனவன்.

பணத்தைப் பற்றிச் சொன்னேன். எவ்வளவு, எந்தத் தேதிக்குள், எந்தக் கணக்கில் என்று சொன்னேன். அவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "நீ போயிட்டு வா" என்றாள். சாப்பிட்டியா என்று கேட்கவில்லை. பஸ்ஸில் வரும்போது அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். அந்த வெள்ளிக்கிழமை முதல் வார்த்தையை ஒரு டீச்சர் பேசினார். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன்.

ஜூன் மாதம் பணம் முழுவதும் போய்ச் சேர்ந்தது. அத்தான் ஃபோன் பண்ணினார். இன்றைக்கு அந்த நிலம் சென்ட் என்ன விலை போகும் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. நான் கொடுத்தது கணக்கு தீர்த்ததாக ஆகாது. பதின்மூன்று வருஷத்தையும் ஒரு பிள்ளையின் படிப்பையும் எந்தக் கணக்கில் போடுவது? கத்தோலிக்க மறைக்கல்வியில் ஒரு நல்ல விஷயம் சொல்லியிருக்கிறது: பாவமன்னிப்பு பாவத்தை நீக்கும், ஆனால் பாவத்தால் விளைந்த சேதத்தை அது தானாகச் சரிசெய்துவிடாது. திருடியதைத் திருப்பித் தர வேண்டும், கெடுத்த பேரைச் சீர்செய்ய வேண்டும். நம்முடைய பிரசங்கங்களில் இது குறைவாகவே காதில் விழுகிறது. "கிருபை, கிருபை" என்கிறோம். சகேயு திருப்பிக் கொடுப்பேன் என்று எழுந்து நின்று சொன்னதற்குப் பதிலாகத்தான் "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்று இயேசு சொன்னார் என்பதை விட்டுவிடுகிறோம். கொடுத்ததால் இரட்சிப்பை வாங்கிவிட்டான் என்று சொல்ல வரவில்லை. கிருபை வந்த வீட்டில் பணப்பெட்டியும் திறந்தது.

என் நிலைமையில் இருக்கிற ஒருவருக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது, போகும்போது வசனத்தை எடுத்துக்கொண்டு போகாதீர்கள் என்பது. நம் கையில் இருக்கும்போது "நீங்கள் மன்னியாதிருந்தால்" பிதாவும் உங்களுக்கு மன்னிக்க மாட்டார் என்கிற வசனம் பாதிக்கப்பட்டவர் கழுத்தில் வைக்கிற கத்தி ஆகிவிடுகிறது. அது அவருக்கும் ஆண்டவருக்கும் நடுவில் இருக்கட்டும். பதிலுக்கு நாள் குறிக்காதீர்கள். சொல்லி முடித்ததும் நமக்கு நெஞ்சு லேசாகிவிடும், ஆனால் அந்தப் பாரம் அவர் மடிக்குத்தான் மாறியிருக்கும். அதை இறக்கிவைக்க அவருக்கு எத்தனை நாள் ஆகுமோ, அது அவர் காலம். அப்புறம், "ஏதாவது தப்பு செய்திருந்தால்" என்று சொல்லாதீர்கள். ஏதாவது இல்லை, இன்னது என்று பேர் சொல்லுங்கள்.

மன்னிக்கிற பக்கத்திலும் எனக்கு ஒரு பாடம் உண்டு. ஒரு சொந்தக்காரருக்கு ஜாமீன் போட்டு, அவர் கட்டாமல் விட்டதை நான் கட்டியிருக்கிறேன். அவரைக் கோயிலில் பார்த்தால் பாதை மாறிப் போவேன். மத்தேயு 18-ல், பதினாயிரம் தாலந்து கடனை ராஜா மன்னித்துவிட்ட ஒரு வேலைக்காரனின் உவமை வருகிறது; அதில் அவனுக்கு உடன் வேலைக்காரன் தர வேண்டியது நூறு வெள்ளிப்பணம். அது அற்பத் தொகை என்று பிரசங்கத்தில் சொல்வார்கள். ஒரு வெள்ளிப்பணம் அன்றைக்கு ஒரு நாள் கூலி. நூறு நாள் கூலியை இழந்தவனுக்கு அது அற்பம் இல்லை. நமக்கு நடந்தது நிஜமான நஷ்டம் என்பதை அந்த உவமை மறுக்கவே இல்லை. ஒரு தாலந்து என்பது ஆறாயிரம் நாள் கூலிக்குச் சமம், அப்படிப் பதினாயிரம் மன்னிக்கப்பட்டிருக்கிறது என்று மட்டும் காட்டுகிறது. அக்கா வீட்டுத் திண்ணையிலிருந்து வந்த பிறகுதான் அந்தச் சொந்தக்காரரைப் பார்த்து என்னால் "ஸ்தோத்திரம்" சொல்ல முடிந்தது. திரும்பவும் அவருக்கு ஜாமீன் போடுவேனா என்றால், போட மாட்டேன். இரண்டும் வேறு வேறு.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. அடித்து உதைக்கிற புருஷனோடு திரும்பப் போய் இரு, மன்னிப்பதுதான் கிறிஸ்தவம் என்று பெண்களுக்குப் புத்தி சொல்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது தவறு. லூக்கா 17:3-ல் "அவனைக் கடிந்துகொள், அவன் மனஸ்தாபப்பட்டால், அவனுக்கு மன்னிப்பாயாக" என்று இருக்கிறது. கடிந்துகொள்வதும் கட்டளைதான். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸையும், அவர் பிள்ளைகள் பத்து வயது பிலிப்பையும், ஆறு வயது தீமோத்தேயுவையும் ஜீப்போடு எரித்தார்கள். அவர் மனைவி கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மையார் கொன்றவர்களை மன்னித்துவிட்டேன் என்றார். பாரிபதாவில் தொழுநோயாளிகளுக்கான வேலையை விட்டு ஓடவும் இல்லை. அதே அம்மையார், மன்னிப்பு வேறு, குற்றத்துக்குச் சட்டம் கொடுக்கிற விளைவு வேறு என்பதையும் தெளிவாகச் சொன்னார். பழிவாங்குகிற உரிமையை அவர் விட்டுக்கொடுத்தார், நடந்ததைக் கொலை இல்லை என்று ஒருநாளும் சொல்லவில்லை. என் அக்கா இன்றைக்கு என்மேல் வழக்குப் போட்டாலும் அவள் மன்னிக்காதவள் என்று நான் சொல்ல மாட்டேன்.

2023 டிசம்பர் 31 ராத்திரி அந்த மெசேஜை நான் யாருக்கும் அனுப்பவில்லை. மறுநாள் காலையில் அக்காவே ஃபோன் பண்ணினாள். அப்பாவின் பழைய பைபிள் உன்னிடம்தானே இருக்கிறது, அதில் நம் பிறந்த தேதியெல்லாம் எழுதியிருப்பாரே, எனக்கு வேண்டும் என்றாள். கொண்டுபோய்க் கொடுத்தேன். முதல் தாளைத் திறந்து அவள் பேருக்கு மேல் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தாள். என்னை உட்காரச் சொன்னாள். மன்னித்தேன் என்ற வார்த்தையை அவள் இதுவரை சொல்லவில்லை, நானும் கேட்டதில்லை.

போன மாதம் அக்காவின் மூத்த மகளான மருமகளின் பிள்ளைக்கு ஞானஸ்நானம். அக்கா கையெழுத்தில் கவர் வந்தது, நானும் மனைவியும் போனோம். ஆராதனை முடிந்து வெளியே நின்றபோது மருமகள் பிள்ளையோடு எங்கள் பக்கம் வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. பிள்ளையை என் மனைவி கையில் கொடுத்து, "கொஞ்ச நேரம் வச்சிருங்க அத்தை, பந்திக்கு இலை போடணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.